எட்டு சீரியல் போர்ட்: கார்டா, யுஎஸ்பியா, ஈதர்நெட்டா?

இண்டஸ்ட்ரியல் கம்ப்யூட்டரில் இரண்டு சீரியல் போர்ட் கொடுத்திருப்பார்கள். பேனலைத் திறந்தால் எனர்ஜி மீட்டர், எடை மேடை, டெம்பரேச்சர் கண்ட்ரோலர், பழைய டிரைவ் என்று ஏழெட்டு சாதனங்கள் ஆர்எஸ்-232 அல்லது ஆர்எஸ்-485 (இரண்டும் சீரியல் இணைப்பு வகைகள்) கேட்டு நிற்கும். போர்ட்டுகளைக் கூட்ட மூன்று வழி உண்டு.

யுஎஸ்பி கன்வெர்ட்டர் மலிவு, செருகினால் வேலை செய்யும். நானும் ஒரு லினக்ஸ் மெஷினில் நான்கு போர்ட் கன்வெர்ட்டர் இரண்டை மாட்டினேன். ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் போர்ட் எண்கள் இடம் மாறிவிட்டன. எடை மேடைக்கான புரோகிராம் மீட்டரோடு பேசிக்கொண்டிருந்தது. நாங்களோ அரை நாள் கேபிளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். எந்தப் போர்ட்டுக்கு எந்தப் பெயர் என்று லினக்ஸுக்குச் சொல்லும் யூடெவ் விதி எழுதி அதைச் சரிசெய்தேன். அப்புறம் வேகம். இந்தக் கன்வெர்ட்டர்கள் பலவற்றில் இருக்கும் எஃப்டிடிஐ சிப்களில் பாக்கெட் நிரம்பாவிட்டால் 16 மில்லிசெகண்டு வரை காத்திருந்து அனுப்புவதுதான் இயல்பான அமைப்பு. முப்பது மீட்டரை ஒவ்வொன்றாகக் கேட்டால் அதிலேயே அரை செகண்டு போய்விடும். 1 மில்லிசெகண்டாகக் குறைக்கலாம்தான், ஆனால் அதைச் செய்ய யாருக்காவது ஞாபகம் இருக்க வேண்டும்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டில் இந்தத் தொல்லை கிடையாது. இங்கே பார்க்க வேண்டியது பஃபர், அதாவது வரும் டேட்டாவைக் கம்ப்யூட்டர் எடுக்கும்வரை வைத்திருக்கும் இடம். பழைய 16550 வகை சிப்பில் 16 பைட். செகண்டுக்கு 115200 பிட் வேகத்தில் அது ஒன்றரை மில்லிசெகண்டுக்குள் நிரம்பிவிடும். 16950 வகையில் 128 பைட், பதினொரு மில்லிசெகண்டு தாங்கும். ஆர்எஸ்-485 என்றால் அனுப்புவதிலிருந்து வாங்குவதற்கு மாறுவதைக் கார்டே செய்கிறதா என்றும் கேளுங்கள். மென்பொருள் மாற்றினால் தாமதமாகும், சாதனம் அனுப்பும் பதிலின் முதல் பைட் காணாமல் போகும். ஐசொலேஷன் (சாதனப் பக்கத்தையும் கம்ப்யூட்டர் பக்கத்தையும் மின்சார ரீதியாகப் பிரித்து வைப்பது) உள்ள கார்டு விலை கூடுதல். ஆனாலும் வேறு வேறு பேனல்களின் எர்த் ஒன்றாக இல்லாத இடத்தில் அதில் கஞ்சத்தனம் வேண்டாம்: ஆர்எஸ்-485 தாங்க வேண்டிய பொது மின்னழுத்த (காமன் மோட், இரண்டு வயரிலும் சேர்ந்தே ஏறும் வோல்டேஜ்) வரம்பே -7 முதல் +12 வோல்ட் வரைதான். கார்டின் குறை, பழுதானால் மெஷினை நிறுத்தித் திறக்க வேண்டும்.

ஈதர்நெட் சீரியல் சர்வர் என்பது சீரியல் போர்ட்டுகளை நெட்வொர்க் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் பெட்டி. அதைச் சாதனங்களின் பக்கத்திலேயே வைத்துவிடலாம். ஆர்எஸ்-232 கேபிளை 15 மீட்டருக்கு மேல் இழுக்கும் வம்பு இல்லை. கம்ப்யூட்டரை மாற்றினாலும் டிரைவர் போட்டால் போதும். ஆனால் மீட்டர் போன்ற சாதனங்கள் சீரியலில் பேசும் மோட்பஸ் ஆர்டியு முறை, ஒரு செய்தி முடிந்ததை மூன்றரை எழுத்து நேர மௌனத்தை வைத்துத்தான் கண்டுகொள்ளும். 9600 வேகத்தில் அது சுமார் 4 மில்லிசெகண்டு. நெட்வொர்க்கில் அந்த இடைவெளி அப்படியே வந்து சேரும் என்று நம்ப முடியாது. அதனால் மோட்பஸ் கேட்வேயாகவும் வேலை செய்யும் மாடலை, அதாவது மோட்பஸ் செய்தியைத் தானே புரிந்து முழுசாக நெட்வொர்க்கில் அனுப்புவதை, வாங்குங்கள். ஸ்விட்ச் படுத்தால் எட்டு போர்ட்டும் சேர்ந்து படுக்கும்.

சாதனங்கள் ஒரே பேனலில் இருந்தால் நான் கார்டுதான் போடுவேன், ஷெட் முழுக்கச் சிதறிக் கிடந்தால் ஈதர்நெட். யுஎஸ்பி என் லேப்டாப் பையில் இருக்கும், சோதனைக்கு. கார்டு ஆர்டர் போடுமுன் அதைப் பெட்டியில் திருகும் பிராக்கெட்டின் உயரத்தை அளந்துவிடுங்கள். ஒரே கனெக்டரிலிருந்து எட்டாகப் பிரியும் கேபிள் விலையில் சேர்த்தியா என்றும் கேளுங்கள். பல மாடல்களில் அதற்குத் தனி பில்.