ஒன்பது துண்டு பிளாஸ்டிக் மூளை: ஏழு மாதம் மேசையில் வைத்திருந்த பிறகு

மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களுக்கு மூளையைத் தாளில் வரைந்துதான் இத்தனை வருஷமும் காட்டிவந்தேன். எனக்கு ஓவியம் வராது. ஒருநாள் ஒரு பெரியவர் நான் வரைந்ததை உற்றுப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, குத்துச்சண்டைக் கையுறையா?" என்று கேட்டார். அன்றைக்கே இந்த மாடலை ஆர்டர் செய்துவிட்டேன்.

பெட்டியில் ஒன்பது துண்டுகள், ஒரு ஸ்டாண்ட், ஒரு கையேடு. நிஜ அளவு. வலப்பாதி சாம்பல் கலந்த இளஞ்சிவப்பு, இடப்பாதியில் மடலுக்கு, அதாவது மூளையின் ஒவ்வொரு பெரும்பகுதிக்கும், ஒரு வண்ணம். துண்டுகளைக் காந்தம் பிடித்துக்கொள்கிறது, பிடரி மடலைத் தவிர. அதன் காந்தம் முதல் வாரத்திலேயே தளர்ந்துவிட்டது. இதுவரை நான்கு முறை கீழே விழுந்து ஓரம் சிதைந்திருக்கிறது. இன்னொன்று, தூக்கினால் கனமே இல்லை. நிஜ மூளை 1.3, 1.4 கிலோ வரும், தொட்டால் குழைகிற மாதிரி இருக்கும். இது பொம்மைக் கார் போலக் கடகடக்கிறது.

இருந்தும், கழற்ற முடிகிறது என்பது பெரிய விஷயம். என் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் கையில் ஒரு துண்டை வைத்து உருட்டிக்கொண்டே பேசிவிடுகிறார்கள். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஏழு மாதத்தில் நெற்றி மடலின் நீலம் தேய்ந்து வெள்ளை எட்டிப்பார்க்கிறது. எல்லாரும் முதலில் கைவைப்பது அங்கேதான். பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோருக்கும் அதைத்தான் காட்டுவேன்: யோசித்துச் செய்வது, ஆசையை அடக்குவது, பின்விளைவை எடைபோடுவது எல்லாவற்றிலும் இந்த முன்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு, இருபதுகளின் நடுப்பகுதி வரை இது முதிர்ந்துகொண்டே இருக்கும் என்று. ஓர் அப்பா மனக்கணக்குப் போட்டுவிட்டு, "அப்ப இன்னும் ஒன்பது வருஷமா மேடம்?" என்றார்.

பினியஸ் கேஜ் என்ற ரயில் பாதை மேஸ்திரியின் கதையைச் சொல்லவும் இந்தத் துண்டு உதவுகிறது. 1848 செப்டம்பர் 13, அமெரிக்காவின் வெர்மான்டில் ரயில் பாதைக்காகப் பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வெடிமருந்து திடீரென்று வெடித்ததில், சுமார் 1.1 மீட்டர் நீள இரும்புக் கம்பி கேஜின் இடது கன்னத்துக்குள் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியே போனது. பேனாவைக் கன்னத்தில் வைத்து, நெற்றி மடலை நீக்கிக் காட்டினால் போதும், அது என்ன பாதை என்று யாருக்கும் புரிந்துவிடும். ஆள் பிழைத்தார். ஆனால் சுபாவம் மாறிவிட்டது, பழைய கேஜே இல்லை என்றார்கள் நண்பர்கள். கையேடு இத்தோடு முடித்துக்கொண்டு, கடைசிவரை அவர் முரடனாகவே அலைந்ததாக எழுதியிருக்கிறது. அங்கேதான் எனக்குக் கோபம். அதன் பிறகு கேஜ் சிலி நாட்டில் பல வருஷம் குதிரை வண்டி ஓட்டினார். பல குதிரைகளைச் சேர்த்துப் பிடித்து, நேரத்துக்குப் பயணிகளைக் கொண்டுசேர்க்கிற வேலை அது. 1860இல்தான் இறந்தார். தலையில் அடிபட்ட மகனைக் கூட்டிக்கொண்டு வருகிற ஓர் அம்மாவுக்கு இந்தப் பின்பாதிதான் தேவை. கையேட்டில் வெட்டப்பட்டிருப்பதும் அதுதான்.

அடுத்து, காதையொட்டி இருக்கும் பொட்டு மடலின் உட்பக்கத்தில் சிவப்பாக ஒரு சின்னப் புடைப்பு. அதில் ஒட்டியிருக்கும் சீட்டு: "அமிக்டலா: பயத்தின் மையம்."

இந்தச் சீட்டால் வந்த வினையைச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். அடிக்கடி படபடப்பு வந்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோம் என்று பயந்துபோகிற பதினாறு வயதுப் பையன். அம்மாவோடு வந்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா சீட்டைப் படித்துவிட்டார். "இதுதானா மேடம் இவனைப் படுத்துறது? இதை மட்டும் அடக்க வழி இல்லையா?" பையன் அந்தத் துண்டைக் கழற்றி, சிவப்புப் புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். "எனக்கு இது கெட்டுப்போச்சா?"

"இல்ல தம்பி" என்று சொல்லிவிட்டு, எஸ்.எம். என்ற எழுத்துகளால் ஆய்வாளர்கள் குறிப்பிடும் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அரிய நோய் ஒன்றால் அவருக்கு இரண்டு பக்க அமிக்டலாவும் அழிந்துவிட்டன. பாம்பைக் கண்டாலும் பயமில்லை, கத்தியைக் காட்டி மிரட்டினாலும் பயமில்லை. சீட்டு சொல்வது சரி என்றுதானே தோன்றும்? ஆனால் 2013இல் வெளியான ஆய்வில் அவரையும், அதே பாதிப்புள்ள வேறு இருவரையும் 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த, மூச்சு முட்டவைக்கிற காற்றை ஒருமுறை இழுக்கச் சொன்னார்கள். மூன்று பேருமே பீதியில் துடித்துப்போனார்கள்.

"அப்ப அவங்களுக்குப் பயம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றான். மூளையின் அடியில் முதுகுத்தண்டோடு சேருகிற மூளைத்தண்டைத் தட்டிக் காட்டினேன். உடம்புக்குள்ளிருந்து வரும் ஆபத்துச் செய்தியை இது போன்ற வேறு இடங்கள் எடுத்துக்கொள்கின்றன என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. வெளியே தெரிகிற ஆபத்தைச் சட்டென்று பிடிப்பதில் அமிக்டலா கெட்டி. அதற்காகப் பயம் முழுவதையும் அதன் பெயரில் பட்டா போட முடியாது. பையன் துண்டைத் திரும்ப மாட்டப் போனான், பிடரி மடல் கழன்று தரையில் உருண்டது. அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

இந்த மாடலோடு எனக்கு இருக்கும் வழக்கே இதுதான். துண்டு துண்டாகக் கழற்றிக் காட்டுகிறது, துண்டுகளுக்கு நடுவே ஓடுகிற இணைப்பைக் காட்டவில்லை. பொட்டு மடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இன்சுலா, உடம்பின் உள்நிலையை உணர்வதில் முக்கியமானது. அது இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வழவழப்பான பிளாஸ்டிக். மூளையின் இரு பாதிகளும் சந்திக்கிற உட்பக்கத்தில் ஓடும் சிங்குலேட் மடிப்புக்குத் தனி வண்ணம் கிடையாது. அதன் முன்புறக் கீழ்முனையில் மின்முனை வைத்து மின்சாரம் செலுத்தி, எதற்கும் மசியாத மனச்சோர்வுள்ள ஆறு பேருக்கு நரம்பியல் மருத்துவர் ஹெலன் மேபர்க்கின் குழு சிகிச்சை கொடுத்ததில் நால்வருக்குப் பலன் தெரிந்தது என்று 2005இல் செய்தி வந்தது. பிறகு அதைப் பெரிதாக நடத்திப் பார்த்தபோது, மின்சாரம் செலுத்தாத குழுவைவிடத் தெளிவான முன்னேற்றம் கிடைக்கவில்லை. இடம் சரியாகத் தெரிந்தாலே நோய் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வருகிறவரிடம் காட்ட அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் துண்டு மட்டும் அழகு, கடல்குதிரை வளைவு நன்றாக வந்திருக்கிறது. ஆனால் "மனச்சோர்வில் சுருங்கும்" என்று அதில் ஒரு சீட்டு. படித்தவர்கள் உடனே ஸ்கேன் எடுக்கட்டுமா என்கிறார்கள். பலரைச் சேர்த்து சராசரி எடுத்தால் சிறு வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். ஒருவரின் ஸ்கேனைப் பார்த்து இவருக்கு மனச்சோர்வு என்று சொல்ல முடியாது.

கையேட்டின் மிச்சத்தைப் பற்றிப் பேசினால் பொழுது போய்விடும். இடது மூளை கணக்கு, வலது மூளை கவிதை. கீழே பல்லி மூளை, மேலே மனித மூளை. எல்லாம் காலாவதியான பழைய சரக்கு. ஆப் ஒன்றும் உண்டு, என் போனில் திறக்கவே இல்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஆசிரியர்கள், ஆலோசகர்கள் வாங்கலாம். தன் நோயைத் தானே தேடிப் பார்க்க நினைக்கிறவர்கள் வாங்க வேண்டாம். வாங்குகிறவர்கள் சீட்டுகளை முதலில் உரித்துவிடுங்கள், வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தால் வந்துவிடும். அமிக்டலா சீட்டு மட்டும் அடம்பிடித்தது, அதன் மேல் வெள்ளை டேப் ஒட்டி "காவல்காரர்களில் ஒருவர்" என்று எழுதிவிட்டேன். பிடரி மடலுக்குக் கீழே எப்போதும் ஒரு கையை வைத்துக்கொள்ளுங்கள்.