நேர்கோடா, வட்டமா?

வேலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் 'லாட்ஜில் டாக்டர்' நோட்டீஸ் பார்த்தே வளர்ந்த நமக்குப் பாலுணர்வு என்றால் ஒரு கோளாறு, அதற்கு ஒரு லேகியம், அவ்வளவுதான். ஆனால் பாலுறவின்போது உடலிலும் மனதிலும் நடப்பதை விளக்க இரண்டு வரைபடங்கள் உண்டு.

முதலாவது, அமெரிக்க ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1966இல் சொன்ன நேர்கோடு: கிளர்ச்சி, நீடிப்பு, உச்சம், தணிவு. பாலமதி மலை ஏறி இறங்குவது மாதிரி. ஆய்வகத்தில் நேரடியாக அளந்தவர்கள் என்பதால் உடல் விவரம் துல்லியம். உச்சத்தில் இடுப்புத்தள தசைகள் சுமார் 0.8 விநாடிக்கு ஒருமுறை சுருங்குகின்றன. அப்புறம் ஆணுக்கு ஒரு ஓய்வு நேரம் தேவை. பல பெண்களுக்கு அது தேவைப்படுவதில்லை. ஆனால் ஆசை எங்கிருந்து வருகிறது என்று இதில் இல்லை.

இரண்டாவதை, கனடாவின் மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000இல் வட்டமாக வரைந்தார். கோட்டை அகழியைச் சுற்றி நடப்பதுபோல, எங்கிருந்தும் தொடங்கலாம். ஆசையே இல்லாமல், நெருக்கம் வேண்டும் என்று தொடங்கி, தொடுதலுக்குப் பிறகு ஆசை வரலாம். உச்சம் வராவிட்டாலும் திருப்தி இருக்கலாம். பல வருடம் சேர்ந்து வாழும் பெண்களை மனதில் வைத்து வரைந்தது இது; எல்லோருக்கும் பொருந்தாது.

உடலின் இயக்கம் தெரிய முதலாவது போதும். "எனக்கு ஆசையே வரமாட்டேங்குது, நோயா?" என்று தவிக்கும் குடியாத்தத்து அக்காவுக்கு நான் இரண்டாவதைத்தான் காட்டுவேன். உறவின்போது வலி இருந்தால் மட்டும் வரைபடம் வேண்டாம், மகப்பேறு மருத்துவரைப் பார்க்கச் சொல்வேன்.