பாகலூர் ரோட்டு வாடகை வீடும் ஒரு கீசர் கணக்கும்

ஓசூரில் வீடு தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். பாகலூர் ரோட்டை ஒட்டிய தெருவில் மாடி வீடு. இரண்டு பெட்ரூம், வாடகை 11,000, அட்வான்ஸ் மூன்று மாதம். வெளிச்சம், காற்று, பைக் நிறுத்த இடம் எல்லாம் உண்டு. இதெல்லாம் வீடு பார்க்கப் போன அன்றைக்கே தெரிந்துவிடும். ஓனர் எப்படிப்பட்டவர் என்பது ஏதாவது பழுதானால்தான் தெரியும். எங்களுக்கு மார்கழியில் தெரிந்தது.

சென்னைப் பக்கமிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் இந்த ஊர்க் குளிரை லேசாக நினைக்கிறார்கள். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். மாடித் தொட்டியில் ராத்திரியெல்லாம் கிடந்த தண்ணீரில் விடியற்காலை கை வைக்க முடியாது. என் கணவர் சிப்காட்டில் முதல் ஷிப்டுக்குப் போகிறவர், இருட்டோடு குளித்தாக வேண்டும். மாமியாருக்கு வீசிங். எங்கள் வீட்டில் கீசர் இல்லாமல் மார்கழியைத் தள்ள முடியாது.

ஒருநாள் காலை பாத்ரூமில் கருகின வாடை, வெந்நீர் வரவில்லை. ஓனருக்குப் போன் செய்தேன். "கீசர் ரிப்பேர் குடியிருக்கிறவங்க பொறுப்பும்மா, சட்டத்திலேயே இருக்கு" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில், அக்ரிமெண்டில் வேறு மாதிரி எழுதாத வரை, கீசரும் சுவிட்சும் குடியிருப்பவர் தலையில்தான். ஆனால் அதே அட்டவணையில் ஒயரிங்கும் தண்ணீர்க் குழாய் மாற்றுவதும் ஓனர் பொறுப்பு. அதனால் பழுது எங்கே என்று பார்க்காமல் யார் செலவு என்று பேசக்கூடாது என்றேன்.

எலக்ட்ரீசியனை நானே கூப்பிட்டேன். மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டைக் கழற்றினார். பின்பக்கம் உருகி, பிளக்கின் ஒரு முனை அதிலேயே ஒட்டிக்கிடந்தது. உள்ளே வந்த ஒயர் லைட்டுக்குப் போடுகிற மெலிசான ஒயர். 2,000 வாட்ஸ் கீசர் ஒன்பது ஆம்பியர் வரை மின்சாரம் இழுக்கும், அதை இந்த ஒயர் தாங்காது. போதாததற்கு வழியில் டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட். விரல் பட்டதும் அதன் மேல்தோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கீசரைத் திறந்தால் எலிமெண்டில், அதாவது தண்ணீரைச் சூடாக்கும் கம்பியில், போர்த் தண்ணீர் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்ததே தவிர அது நன்றாகத்தான் இருந்தது. அதைச் சுத்தம் செய்த கூலியை நாங்கள் கொடுத்தோம். அது எங்கள் பங்கு.

ஓனர் மேலே வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். அதற்கப்புறம் ஒயர் விஷயத்தில் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஆனால் பொங்கல் முடியட்டும், ஆள் ஊருக்குப் போயிருக்கிறான் என்று இழுத்தார். ஓனர் மறுத்தால் வாடகைதாரரே ரிப்பேர் செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம், ஒரு மாதத்தில் பாதி வாடகை வரை கழிக்கலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதைப் பணிவாக வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். வேலை நகர்ந்தது. மெயின் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் ஒயர், தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானாக அணைகிற சுவிட்ச்), எர்த் எல்லாம் போட்டுக் கொடுத்தார். தரமான வேலை.

அப்புறம் நஷ்டக் கணக்கு. அத்தனை நாளும் அடுப்பில் வெந்நீர் போட்டதில் சிலிண்டர் பாதியிலேயே தீர்ந்தது. சிலிண்டர் பில், எலக்ட்ரீசியன் கூலி, கருகின சாக்கெட்டின் போட்டோ மூன்றையும் வைத்துக் கேட்டேன். பில் இருந்த தொகை முழுவதையும் அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். தள்ளிப்போட்ட நாட்களுக்கும் ஏதாவது குறைக்கச் சொன்னதற்கு, "கஷ்டத்துக்கெல்லாம் காசு கேட்டா எப்படிம்மா?" என்றார். இதில் எனக்கு உடன்பாடில்லை. வாடகை வெறும் நாலு சுவருக்கு இல்லையே. குளிக்க முடியாத பாத்ரூமுக்கும் முழு வாடகை வாங்குவது நியாயமில்லை.

5க்கு மூன்றரை கொடுப்பேன். மழுப்பிய முதல் போனுக்கும் பொங்கல் சாக்குக்கும் தான் குறைத்தேன். பணம் கழித்த பிறகும் முகம் மாறாமல் பேசுகிறார், அது பெரிய விஷயம்.

கீழ் வீடு இப்போது காலி. அங்கே ஒயரிங் இன்னும் பழசுதான். பார்க்கப் போகிறவர்கள் கீசரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அணைத்தபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஒயர் மாற்றுவதை அக்ரிமெண்டில் எழுதி வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.