ஜிஎன்யு89-ம் ரைஸ்மில் புரோகிராமும்: ஏழு வருஷ அனுபவம்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் எடைமேடைக்கு பில் போடும் சி புரோகிராம் என் பொறுப்பில் இருக்கிறது. 1978-இல் வந்த கெர்னிகன், ரிட்ச்சி புத்தகத்தின் (கே அண்ட் ஆர்) பழைய சி பாணிக் கோடு. பழைய கம்ப்யூட்டரில் ஜிசிசி 2.95 என்ற சி கம்பைலரை, பழைய பாணி விதிகளை ஏற்கும் 'ட்ரெடிஷனல்' ஆப்ஷனோடு வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். 2018-இல் மதர்போர்டு மண்டையைப் போட்டது.

புது ஜிசிசியில் கம்பைல் செய்ய அந்த ஆப்ஷன் கிடையாது. 2003-இல் 3.3 வந்தபோதே எடுத்துவிட்டார்கள், கம்பைலுக்கு முன்னால் மேக்ரோக்களை விரிக்கும் ப்ரீப்ராசஸருக்கு மட்டும் மிச்சம். சரி, 1989-இன் சி விதிப்படி நடக்கும் ஜிஎன்யு89 மோடு இருக்கிறதே என்று போட்டேன். கமென்ட்டை நடுவில் வைத்துப் பெயர்களை ஒட்டும் மேக்ரோக்கள் எரர் காட்டின. அரைமணி நேர வேலை. மற்றபடி ஒரு வார்னிங்கும் இல்லை.

பிசானம் அறுப்பில் முதல் வண்டி ஏறியது. 4520 கிலோ வரவேண்டிய இடத்தில் -155480. அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "தம்பி, வண்டி நெல்லு கொண்டாந்துச்சா, நம்ம நெல்லத் தூக்கிட்டுப் போவுதா?"

எடை மீட்டர் எண்ணுக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் அனுப்பும். வந்த எழுத்திலிருந்து 48-ஐக் கழித்து, விடை 10-க்குக் கீழே இருந்தால் இலக்கம் என்று எடுத்துக்கொள்ளும் கோடு அது. ஸ்பேஸின் மதிப்பு 32. கழித்தால் -16. பழைய விதிப்படி அன்சைன்ட் (மைனஸ் இல்லாத) கேரக்டர், கணக்குப் போடும்போது அன்சைன்ட் இன்ட்டாகவே, அதாவது மைனஸ் இல்லாத முழு எண்ணாகவே மாறும். அதனால் -16 பெரிய எண்ணாகச் சுற்றிக்கொண்டு ஸ்பேஸைத் தள்ளிவிடும். 1989-இன் ஆன்சி (அமெரிக்கத் தர நிர்ணய) விதியில் அது மைனஸும் வரக்கூடிய சாதாரண இன்ட்டாகிறது. -16 பத்துக்குக் கீழேதானே, உள்ளே வந்துவிட்டது! ஜிஎன்யு89 பழைய எழுத்துமுறையை ஏற்றுக்கொள்ளும், ஆனால் கணக்குப் போடுவது ஆன்சிபடிதான். மூன்று நாள் கேபிளைச் சந்தேகப்பட்டது என் முட்டாள்தனம். கடைசியில் 10-க்குப் பின்னால் அன்சைன்ட் என்று சொல்லும் ஒரு 'யு' சேர்த்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் கோட்டேஷனுக்குள் இருந்த ரசீது வரியிலேயே தேதியைத் திருத்தும் ஒரு ஃபங்ஷன் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (தொடக்கூடாத மெமரியைத் தொட்ட எரர்) விழுந்தது. 'ட்ரெடிஷனல்' இல்லாமல் அந்த வரியில் எழுத முடியாது. அதை அர்ரேயாக மாற்றினேன். அதற்குப் பிறகு கார், பிசானம் என்று எத்தனையோ அறுப்பு பார்த்தாயிற்று, எடையில் தகராறு இல்லை.

2025-இல் ஜிசிசி 15 போட்டேன். அதில் ஒன்றும் சொல்லாவிட்டால் சி23 விதிதான், அந்த விதியில் கே அண்ட் ஆர் ஃபங்ஷன்களுக்கு இடம் கிடையாது. கம்பைல் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலில் ஜிஎன்யு89 இருந்ததால் பிழைத்தேன். அந்த வரிக்கு மேலே, "அண்ணாச்சி கேட்டாலும் இதை எடுக்காதே" என்று கமென்ட் போட்டிருக்கிறேன்.