நூலகத்துக்கு காமிக்ஸ்: குண்டு புக்கா, ஒல்லிப் புத்தகமா?

திருவான்மியூரில் எங்கள் குடியிருப்பு நூலகத்துக்கு காமிக்ஸ் வாங்கும் பொறுப்பு போன வருடம் என் தலையில் விழுந்தது. பல கதைகளைச் சேர்த்துக் கட்டிய குண்டு புக் வாங்குவதா, கதைக்கு ஒன்றாகப் பின் அடித்த ஒல்லிகளை வாங்குவதா என்று சங்கக் கூட்டத்தில் ஒரே வாக்குவாதம். நான் ஒல்லிகள் பக்கம் நின்றேன். இப்போதும் அங்கேதான்.

குண்டு புக்கின் சௌகரியம் எல்லோருக்கும் தெரியும்: முதுகில் பெயர் இருக்கும், அலமாரியில் நிமிர்ந்து நிற்கும், சுலபத்தில் தொலையாது. ஒல்லிக்கு முதுகே கிடையாது. அட்டை தெரிகிற மாதிரி ட்ரேயில்தான் அடுக்க வேண்டும்.

ஆனால் பலர் கை படும் புத்தகம் என்றைக்காவது பிரியும். பிரிந்த பிறகு என்ன செய்ய முடியும் என்பதை வைத்துத்தான் நான் முடிவெடுத்தேன். குண்டு புக்குகளில் பலவும் கோந்து பைண்டிங். பிள்ளைகள் தரையில் அழுத்தி விரித்துப் படிப்பார்கள். முதுகு வெடித்து ஒவ்வொரு தாளாகக் கழன்று வரும். பைண்டிங் கடையில் கொடுத்தால் ஓரத்தில் துளை போட்டுத் தைத்துத் தருவார்கள். நாவல் என்றால் சரி, ஓரத்தில் வெள்ளை இடம் இருக்கும். காமிக்ஸில் படம் ஓரம் வரைக்கும் வந்துவிடுகிறதே! அப்படித் தைத்து வந்த ஒன்றில், உள்பக்கக் கட்டங்களில் யார் பேசினாலும் இரண்டொரு எழுத்து மடிப்புக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அமர் சித்ர கதா மாதிரியான 32 பக்க ஒல்லி என்பது நடுவில் மடித்த 8 தாள், மேலே ஓர் அட்டை. கடல் காற்றில் அந்த இரும்புப் பின் துருப்பிடிக்கும், துரு தாளையும் அரிக்கும். மறுக்கவில்லை. பின்னை நெம்பி எடுத்துவிட்டு, அதே துளைகளில் தடித்த நூலைக் கோத்து முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது. படம் துளிகூடப் போகாது, புத்தகமும் நன்றாக விரியும். இப்போதெல்லாம் வாங்கிய கையோடு நூலுக்கு மாற்றிவிடுகிறோம். அப்புறம், ஒரு குண்டு புக்கை ஒருவர் எடுத்துப் போனால் அத்தனை கதையும் அவர் வீட்டில் முடங்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. லக்கி லூக் கதைகள் பெரும்பாலும் ஒரே புத்தகத்தில் முடிந்துவிடும். எதை எடுத்தாலும் படிக்கலாம். 'இரத்தப் படலம்' அப்படியல்ல. நினைவிழந்த ஒருவன் தான் யார் என்று பாகம் பாகமாகத் தேடும் கதை. நடுவில் ஒன்று காணாமல் போனால் மீதி வீண். அதற்கு மட்டும் தொகுப்பே மேல்.

தையல் போட்ட கெட்டி அட்டைப் பதிப்புகள் எங்களிடம் கொஞ்சம்தான். இதுவரை தாங்குகின்றன, ஆனால் அதிகக் கை படவில்லை. 1992இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்ற 'மௌஸ்', அப்புறம் 'பெர்செபோலிஸ்' இரண்டும் பெரியவர்களுக்கான கிராஃபிக் நாவல்கள். படம் இருக்கிறதே என்று குழந்தைகள் ட்ரேயில் போட்டுவிடாதீர்கள், மேல்தட்டில் வையுங்கள்.