ஒட்டுப் போட்ட ஹேண்டில்பார்: குரூசர் சைக்கிள் கட்டுகிறவர்கள் கவனிக்கவும்

அப்பாவின் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டு இன்றோடு பன்னிரண்டு நாள். எங்கள் தெருமுனை வேகத்தடையில் சைக்கிள் ஏறி இறங்கியதும் ஹேண்டில்பாரின் இடது பக்கம் ஒடிந்து அவர் கையோடு வந்துவிட்டது. மெதுவாகத்தான் ஓட்டினார், பின்னால் வண்டி எதுவும் வரவில்லை. அதனால் மணிக்கட்டோடு போயிற்று. பிரதான சாலையில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை.

அது அவர் வேலைக்குப் போய்வந்த பழைய ஹெர்குலிஸ். இப்போது இடுப்பு வலி, குனிந்து ஓட்ட முடியாது. அகலமான சீட்டும் உயரமான கைப்பிடியும் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் குரூசராக மாற்றித் தரலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். 1963இல் அமெரிக்காவில் ஷ்வின் நிறுவனம் விட்ட ஸ்டிங்-ரே சைக்கிளின் படங்களைப் பார்த்ததில் இருந்தே அந்த உயரக் கைப்பிடி மேல் எனக்கு ஆசை.

பழைய ராடு பிரேக் சைக்கிளில் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் பிரேக் பிடிப்பது) ஹேண்டிலும், அதைத் தாங்கும் தண்டான ஸ்டெம்மும் ஒரே உடம்பு. கைப்பிடியை மட்டும் கழற்றி மாற்ற வழியில்லை. ஆகவே தனி ஸ்டெம் வாங்கினேன். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் குழாய்க்குள் இறங்கும் பகுதி 22.2 மி.மீ., ஹேண்டிலைப் பிடிக்கும் கிளாம்ப் 25.4 மி.மீ. கிடைத்த ரெடிமேட் ஹேண்டில் எதுவும் அப்பாவுக்குப் போதிய உயரம் இல்லை. அப்போதுதான் ஒருவர் சொல்லி அந்த மாடிஃபிகேஷன் கடைக்குப் போனேன். புல்லட்டுக்கெல்லாம் ஹேண்டில் செய்கிற இடம். "16 கேஜ் பைப், ஒரே பீஸா வளைச்சு, பவுடர் கோட்டிங் பண்ணித் தரேன் தம்பி" என்றார் கடைக்காரர். 3,200 ரூபாய். பில் கேட்டேன். விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

கொடுத்த பொருள் என்ன என்பது ஒடிந்த பிறகுதான் தெரிந்தது. எனக்குத் தெரிந்த லேத் பட்டறை அண்ணனிடம் இரண்டு துண்டையும் எடுத்துப் போனேன். அவர் வெர்னியர் வைத்துப் பார்த்தார். குழாயின் தடிமன் 1.2 மி.மீ., அதாவது 18 கேஜ். 16 கேஜ் என்றால் 1.6 இருக்க வேண்டும். ஒடிந்த இடத்தைக் காட்டி, "இது வளைச்சது இல்லப்பா, வெட்டி ஒட்டினது" என்றார். வளைக்கும்போது குழாய் நசுங்கியிருக்கும், நசுங்கிய பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனையையும் நேருக்கு நேர் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. ஒட்டைத் தாங்க உள்ளே ஸ்லீவ் என்கிற குழாய்த் துண்டு கிடையாது. வெல்டிங் மேல்தோலோடு நின்றுவிட்டது. அந்த மேடும் தெரியக் கூடாது என்று கிரைண்டரில் வழித்து, பள்ளத்தை நிரப்பும் பட்டி பூசி, கறுப்பு ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். பவுடர் கோட்டிங் என்று சொன்னது அப்பட்டமான பொய். அதில் பெயின்ட் பொடியைத் தூவி 200 டிகிரி அளவு சூட்டில் வேகவைக்க வேண்டும், சாதாரணப் பட்டி அதைத் தாங்காது. உள்ளே பட்டி இருந்ததாலேயே அவர்களால் அதைச் செய்திருக்க முடியாது.

இன்னொன்றும் இருந்தது. குழாயின் வெளிவிட்டம் முழுக்க ஒரே 22 மி.மீ.தான், நடுவில் கிளாம்புக்கு வேண்டிய 25.4 இல்லை. கிளாம்புக்குள் தகரத்தை வெட்டிச் சுற்றி இறுக்கிவிட்டார்கள். இரண்டாம் நாளே ஹேண்டில் முன்பக்கம் சுழன்றது. நான் அலென் கீயை எடுத்து இன்னும் இறுக்கினேன். அன்றைக்கே கழற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

உயரக் கைப்பிடியில் இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. உயரம் கூடக் கூட, கை கொடுக்கும் இழுப்பும் அழுத்தமும் நெம்புகோல் போல அடி வளைவில் போய் விழும். இவர்கள் ஒட்டுப் போட்டது அந்த வளைவிலேயேதான். குழாயை இணைத்தே ஆக வேண்டும் என்றால், உள்ளே இறுக்கமாகப் போகும் குழாய்த் துண்டை இரண்டு பக்கமும் நீளமாக விட்டு, வெளிக்குழாயில் துளை போட்டு அதன் வழியாகவும் பற்றவைக்க வேண்டும் என்று லேத் அண்ணன் விளக்கினார். ஆனால் ஹேண்டிலில் ஒட்டே வேண்டாம், தானும் செய்து தரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அலுமினிய ஹேண்டில் என்றால் நினைக்கவே கூடாது. ஹீட் ட்ரீட்மென்ட் செய்த, அதாவது சூடாக்கிப் பதப்படுத்திப் பலமேற்றிய அலுமினியத்தைப் பற்றவைத்தால் அந்த இடத்தில் பலம் போய்விடும்.

திரும்பக் கடைக்குப் போனேன். "டபுள்ஸ் ஏத்தியிருப்பீங்க, கீழ போட்டிருப்பீங்க" என்றார்கள். பட்டியைக் காட்டியதும் பேச்சு நின்றது, பணம் மட்டும் வரவில்லை. பணம் அனுப்பிய ஜிபே பதிவும், ஒடிந்த துண்டுகளின் படங்களும் என்னிடம் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன்.

இப்போது ஒரே குழாயில் வளைத்த, நடுவில் 25.4 மி.மீ. விட்டம் உள்ள இரும்பு ஹேண்டில் ஒன்றை ஆர்டர் செய்திருக்கிறேன். வாங்கும் முன் கம்பியை அதே வடிவில் வளைத்து ஸ்டெம்மில் கட்டிப் பார்த்தேன். பின்னால் ரொம்ப வளைந்து வருகிற மாடல்களில் முழுதாகத் திருப்பும்போது கைப்பிடி முழங்காலில் இடிக்கிறது. அப்பாவுக்கு எத்தனை அங்குல உயரம் போதும் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. நான் முதலில் செய்யச் சொன்ன அளவுக்கு உயரமே தேவைப்படவில்லை.

அந்தக் கடை வாசலில் இதே மாதிரி கறுப்பு ஹேண்டில்கள் இன்னும் மூன்று தொங்குகின்றன. இப்படி எங்காவது செய்து வாங்கியவர்கள் இன்றைக்கே ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து ஹேண்டில் முழுக்க, முக்கியமாக வளைவுகளில், நகர்த்திப் பாருங்கள். இரும்புக் குழாயில் ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் பிடி தளர்ந்தால் அங்கே பட்டி இருக்கலாம். பெயின்டைச் சுரண்டிப் பார்க்கும் வரை அந்தச் சைக்கிளை யாரிடமும் ஓட்டக் கொடுக்காதீர்கள்.