சியான் ஷூயுவான்மென் தெரு காகித வெட்டுக் கடை: வௌவால் வாங்கலாம், டிராகன் வேண்டாம்

சீனாவின் சியான் நகரில் தெற்கு மதில் வாசலை ஒட்டி, கல்வெட்டு அருங்காட்சியகம் போகிற வழியில் இருக்கிறது ஷூயுவான்மென் தெரு. தூரிகை, மை, காகிதம் விற்கிற கடைகள்தான் அங்கே அதிகம். அதில் ஒரு சின்னக் கடையில் காகித வெட்டு, அதாவது தாளை உருவமாக வெட்டிய அலங்காரம், வாங்கினேன். பெயரைச் சொல்லவில்லை, ஏன் என்று கீழே புரியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரப் பாட்டி சிவப்புத் தாளை மடித்து, பென்சில் கோடுகூடப் போடாமல் கத்தரிக்கோலால் வெட்டுகிறார், கேட்டதைக் கண்ணெதிரிலேயே வெட்டிக் கொடுக்கிறார். நான் கேட்டது ஐந்து வௌவால். நம் வீட்டுக்குள் வௌவால் புகுந்தால் துடைப்பத்தைத் தேடுவோம், அங்கே அது அதிர்ஷ்டம், ஏனென்றால் வௌவாலுக்கும் பாக்கியத்துக்கும் சீனத்தில் ஒரே ஒலி, ‘ஃபூ’. ஐந்து வௌவால் என்றால் ஐந்து பாக்கியம்: நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், நற்குணம், அப்புறம் நல்ல சாவு. சாவையும் இந்தக் கணக்கில் சேர்த்தார்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

மீனும் இப்படித்தான். ‘யூ’ என்றால் மீன், மிச்சம் என்பதற்கும் அதே ஒலி. கூடவே தாமரை, அதாவது ‘லியென்’, சேர்ந்தால் ‘தொடர்ந்து’ என்று ஆகிவிடும், ஆக வருடா வருடம் கையில் கொஞ்சம் மிஞ்சட்டும் என்று வாழ்த்து. எல்லாம் சிலேடை! பாட்டி சொல்லி, கைப்பேசி மொழிபெயர்த்துத்தான் இதெல்லாம் விளங்கியது. ஒரு விளக்கச் சீட்டு வைத்திருக்கலாம்.

இனி குறை. பன்னிரண்டு ராசி விலங்குத் தொகுப்பு ஒன்றை, 2009இல் இந்தக் கலை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததாக அச்சடித்த அட்டையோடு, கைவேலை என்று சொல்லித் தந்தார்கள். இரண்டு தொகுப்பு வாங்கினேன், அறைக்கு வந்து பார்த்தால் இரண்டு டிராகனுக்கும் வாலில் ஒரே இடத்தில் பிசிறு. ஹெபெய் மாகாணத்து யூசியன் பக்கம் தாள்களை அடுக்கி வைத்துக் கத்தியால் ஒரே நேரத்தில் வெட்டுவார்கள், அதனால் இரண்டும் ஒரே மாதிரி இருப்பது மட்டும் குற்றமில்லை. ஆனால் இதில் விளிம்பு முழுக்கப் பின்பக்கமாக அழுந்தி மடங்கியிருக்கிறது, சந்தேகமே இல்லை, இயந்திர வெட்டு. விலையோ பாட்டியின் வௌவாலைவிட இரண்டு மடங்கு.

போகிறவர்கள் கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்று கொண்டுபோங்கள், அவர்கள் தருகிற பிளாஸ்டிக் உறையில் ஒரு சிறகு கிழிந்தே வந்தது. ஊருக்கு வந்து, சீன வழக்கப்படி வௌவால்களை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். அம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏண்டா, பட்டாம்பூச்சி எதுவும் கிடைக்கலையா?” என்றார்.